பாட்டுப் பெட்டி வாங்கப் போகிறீர்களா? முதலில் பாட்டைச் சேருங்கள்!

நாகூர் இ.எம்.ஹனிபாவின் குரலுக்கு மைக் வேண்டாம் என்று சொல்வார்கள். அவ்வளவு கனத்த குரல்! "இசைமுரசு" என்ற பட்டம் அவருக்குச் சும்மா வரவில்லை.

 அவர் 2015-ல் மறைந்தார். அந்த ஒரு வாழ்நாளுக்குள் பாட்டு நான்கு வீடு மாறிவிட்டது. முதலில் கறுப்பு இசைத்தட்டு. அடுத்தது கேசட். அதன் பிறகு சி.டி. இப்போது கைபேசி.

வீடு மாற்றும்போது என்ன நடக்கும்? சில சாமான்கள் உடையும். சில காணாமல் போகும். பாட்டுக்கும் அதே கதிதான்.

இப்போது ஐந்தாவது வீடு வந்திருக்கிறது. அதன் பெயர் "மியூசிக் சர்வர்". வசதி உள்ளவர்கள் அதைக் கடையில் வாங்குகிறார்கள். மற்றவர்கள் பழைய கம்ப்யூட்டரைக் கொண்டு தாங்களே செய்து கொள்கிறார்கள். சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் சம்பாதிக்கும் பிள்ளைகள் ஊருக்கு வரும்போது, "வீட்டுக்கு எந்தப் பெட்டி வாங்கலாம்? எந்தச் சாப்ட்வேர் போடலாம்?" என்று விசாரிக்கிறார்கள்.

நல்ல கேள்வி. ஆனால் அது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வியைக் கேட்பவர் குறைவு.

வீட்டில் பாட்டு இருக்கிறதா? அதுதான் முதல் கேள்வி!

சர்வர் செய்யும் வேலை

சர்வர் என்றால் ஓட்டலில் பரிமாறுகிறவர். மியூசிக் சர்வரும் அதே வேலையைத்தான் செய்கிறது.

ஹார்ட் டிஸ்க் என்பது சமையல்கட்டு. பாட்டெல்லாம் அங்கே இருக்கிறது. பரிமாறுகிறவர் ஒரு சின்னக் கம்ப்யூட்டர். கைபேசியில் ஒரு பாட்டின் பெயரைத் தொட்டால், அவர் அதை எடுத்து வந்து கொடுக்கிறார். எது எங்கே இருக்கிறது என்று அவருக்குச் சொல்லிக் கொடுப்பது சாப்ட்வேர். எண்களாக இருக்கும் பாட்டை மின்சார அலையாக மாற்றுவது "டாக்" என்ற கருவி. அந்த அலையைப் பெரிதாக்குவது ஆம்பிளிபயர். காதுக்குக் கொண்டு வருவது ஸ்பீக்கர்.

ஓட்டலுக்குப் போகிறவர் எதற்காகப் போகிறார்? சாப்பாட்டுக்காக. சர்வரின் சட்டையைப் பார்த்து யாரும் போவதில்லை!

இந்தச் சர்வருக்குப் பெரிய பலமும் தேவையில்லை. வீட்டில் இரண்டு அறைகளில் பாட்டுப் போடுவதற்குப் பத்து வருஷத்துப் பழைய லேப்டாப் போதும். உள்ளங்கை அளவுள்ள "ராஸ்பெரி பை" என்ற கம்ப்யூட்டரும் போதும். அது 2012-ல் விற்பனைக்கு வந்தது. ஒரு சின்ன பல்பு எரியும் மின்சாரம்தான் அதற்குச் செலவு.

ஆகவே, பெட்டியில் பணத்தைக் கொட்டுவது அவசியமில்லை.

மேட்டூர்க் கதவு

"எதற்கு இவ்வளவு தொல்லை? மாதச் சந்தா கட்டினால் கோடிக்கணக்கான பாட்டுகள் கிடைக்கின்றனவே!" என்று பலர் சொல்வார்கள்.

உண்மைதான். புதுப் பாட்டுக் கேட்க அதைவிடச் சுலபமான வழி இல்லை. வேண்டியவர்கள் தாராளமாகச் சந்தா கட்டலாம்.

ஆனால் நாகப்பட்டினம் மாவட்டத்துக்காரர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. அவர்கள் காவிரியின் கடைமடையில் இருப்பவர்கள். மேட்டூரில் கதவைத் திறந்தால்தான் வாய்க்காலில் தண்ணீர் வரும். கதவை மூடினால் வாய்க்கால் காய்ந்து கிடக்கும். அதனால்தான் முன்னோர் ஊருக்கு ஊர் குளம் வெட்டி வைத்தார்கள்.

சந்தாப் பாட்டு, வாய்க்கால் தண்ணீர். அதன் கதவு வேறு ஒருவர் கையில் இருக்கிறது. வீட்டில் உள்ள பாட்டு, குளத்துத் தண்ணீர். வாய்க்காலில் குளிக்கலாம். ஆனால் குளத்தைத் தூர்த்துவிடக் கூடாது!

கதவை யார் மூடப் போகிறார்கள் என்று கேட்கலாம். ஏற்கெனவே மூடியிருக்கிறார்கள்.

கூகிள் பிளே மியூசிக் 2020-ம் ஆண்டு இறுதியில் மூடப்பட்டது. ரெஸ்ஸோ என்ற பாட்டுச் சேவை 2024 ஜனவரி 31-ந் தேதியோடு இந்தியாவில் நின்றது. அதே ஆண்டு ஆகஸ்டில், விங்க் மியூசிக்கை மூடுவதாக ஏர்டெல் அறிவித்தது. அவற்றில் பல ஆண்டுகள் பாடுபட்டுப் பட்டியல் சேர்த்து வைத்தவர்கள் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று.

அமெரிக்காவின் மைஸ்பேஸ் கதை இன்னும் மோசம். அங்கே இசைக் கலைஞர்கள் தங்கள் பாட்டுகளைத் தாங்களே ஏற்றி வைத்திருந்தார்கள். சர்வர் மாற்றியபோது 5 கோடிக்கு மேற்பட்ட பாட்டுகள் அழிந்து போயின. இது 2019-ல் வெளியே தெரிந்தது. வேறு பிரதி வைத்திராதவர்களுக்குப் பாட்டு போனது போனதுதான்!

பெட்டிக்கும் ஆயுள் உண்டு

சந்தாவை விட்டுப் பெட்டி வாங்கினால் பயமில்லையா? அதுவும் இல்லை.

"ஸ்குவீஸ்பாக்ஸ்" என்று ஒரு பாட்டுக் கருவி இருந்தது. வீட்டு மியூசிக் சர்வர்களுக்கு வழி காட்டிய கருவி அது. அதைச் செய்த ஸ்லிம் டிவைசஸ் கம்பெனியை லாஜிடெக் 2006-ல் வாங்கியது. 2012-ல் கருவி செய்வதை நிறுத்தியது. அதற்கான இன்டர்நெட் சேவையும் 2024-ல் மூடப்பட்டது.

வாங்கியவர்கள் கதி என்ன? அவர்கள் பிழைத்துக் கொண்டார்கள்! காரணம், அதன் சாப்ட்வேர் எல்லோருக்கும் திறந்து விடப்பட்டிருந்தது. கம்பெனி கைவிட்டாலும் ஆர்வலர்கள் விடவில்லை. "லிரியன் மியூசிக் சர்வர்" என்ற பெயரில் அதை இன்றும் நடத்தி வருகிறார்கள். பழைய பெட்டிகள் இன்னும் பாடுகின்றன.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. சோனோஸ் என்பது பெரிய கம்பெனி. அதன் ஸ்பீக்கர்கள் விலை கூடியவை. 2024 மே மாதத்தில் அந்தக் கம்பெனி தன் கைபேசிச் செயலியை மாற்றியது. முன்பு இருந்த பல வசதிகள் அதில் இல்லை. வாங்கியவர்கள் கொதித்தார்கள். 2025 ஜனவரியில் கம்பெனியின் தலைமை அதிகாரியே பதவி விலகினார். ஸ்பீக்கரில் ஒரு திருகாணிகூட மாறவில்லை. சாப்ட்வேர் மாறியது. வீட்டில் இருந்த சாமானின் குணமே மாறிவிட்டது!

இந்த இரண்டு கதைகளும் ஒன்றைத்தான் சொல்லுகின்றன. சாப்ட்வேரைப் பார்த்து, "நீ எவ்வளவு அழகு?" என்று கேட்பது பிறகு. "நாளை உன்னை விட்டுப் பிரிந்தால், பாட்டு என் கையில் இருக்குமா?" என்று முதலில் கேட்க வேண்டும்.

ஐந்து சோதனைகள்

எந்தச் சாப்ட்வேரையும் ஐந்து விதமாகச் சோதிக்கலாம்.

ஒன்று: பாட்டுப் பைல்களைச் சாதாரணப் பைல்களாகவே விட்டு வைக்கிறதா? டிஸ்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் பாட்டு தெரிய வேண்டும்.

இரண்டு: பாடகர் பெயர், பாட்டு எழுதியவர் பெயர், ஆண்டு ஆகியவற்றைப் பைலுக்குள்ளிருந்தே படிக்கிறதா? சில சாப்ட்வேர்கள் திருத்தங்களைத் தங்கள் சொந்த ஏட்டில் மட்டும் வைத்துக் கொள்கின்றன. அவற்றை விட்டுப் பிரிந்தால் உழைப்பெல்லாம் வீண்.

மூன்று: இன்டர்நெட் இல்லாதபோது வீட்டுப் பாட்டைப் பாடுமா? ஒரு மணி நேரம் இணைப்பைப் பிடுங்கிவிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நான்கு: தமிழ் எழுத்தைக் காட்டுமா? தமிழில் எழுதித் தேடினால் பாட்டு கிடைக்குமா?

ஐந்து: ஒரு பைல் முடிந்து அடுத்த பைல் தொடங்கும்போது இடைவெளி விழாமல் பாடுமா? சினிமாப் பாட்டுக்கு இது தேவையில்லை. நாதசுவரத்துக்கு மிகவும் தேவை. நாகூருக்குப் பக்கத்துத் திருமருகலில் பிறந்தவர் டி.என்.ராஜரத்தினம் பிள்ளை. அவர் தோடி வாசித்தால் நேரம் போவது தெரியாது என்பார்கள். ஆனால் அந்தக் கால இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று, நான்கு நிமிஷம்தான் பிடிக்கும். நீளமான கச்சேரிப் பதிவை இன்று சி.டி.யில் போடும்போதும் துண்டு துண்டாகத்தான் பிரிக்கிறார்கள். ராகத்தின் நடுவே மவுனம் விழுந்தால் கேட்க முடியுமா?

எதைப் போடலாம்?

காசு கேட்காத சாப்ட்வேர்கள் உண்டு. மேலே சொன்ன லிரியன் ஒன்று. பல அறைகளில் ஒரே பாட்டை ஒரே சமயத்தில் பாட வைப்பதில் அது கெட்டிக்காரத்தனமானது. நேவிட்ரோம் என்பது மிகவும் இலகுவானது. சின்னக் கம்ப்யூட்டரிலும் ஓடும். கலியாண வீடியோவையும் சேர்த்து வைக்க விரும்பும் குடும்பத்துக்கு ஜெல்லிபின் பொருத்தம்.

காசு கேட்பவற்றில் பெயர் பெற்றது ரூன். அழகானது. எந்தப் பாட்டில் யார் வாசித்தார், அவர் வேறு எதில் வாசித்தார் என்று நூல் பிடித்துக் காட்டும். ஆனால் ஆயுள் சந்தா ஏறக்குறைய 830 டாலர். நம் பணத்தில் 70 ஆயிரம் ரூபாய்க்கு மேல்! மேலும், திருத்தங்களைத் தன் ஏட்டில் வைத்துக் கொள்ளும் இனத்தைச் சேர்ந்தது அது. 2015-ல் வந்த இந்தச் சாப்ட்வேர் 2023-ல் ஹார்மன் கம்பெனியின் கைக்குப் போனது. கை மாறும் சாமானுக்கு ஆயுள் சந்தா கட்டலாமா என்று யோசிக்க வேண்டியதுதான்.

காசு கேட்காததை ஆறு மாதம் பழகிப் பார்ப்பதே புத்திசாலித்தனம். குறை தெரிந்த பிறகு காசு கொடுக்கலாம்.

ஒரே பாடகர் ஐந்து பேர்!

சாப்ட்வேர் போட்ட முதல் நாளே ஒரு வேடிக்கை நடக்கும்.

ஹனிபா என்று ஒரு பாடகர் இருப்பார். அனிபா என்று இன்னொருவர் இருப்பார். ஹனீபா மூன்றாமவர். ஆங்கிலத்தில் இரண்டு விதமாக எழுதிய நாகூரின் பெயரால் இன்னும் இருவர். பாடியவர் ஒருவர், பட்டியலில் ஐந்து பேர்!

இது சாப்ட்வேரின் குற்றம் அல்ல. பைலில் எழுதியதைத்தான் அது படிக்கிறது. பழைய தமிழ் எழுத்துரு முறைகளில் எழுதிய பெயர்கள் கோணல் மாணலாகத் தெரியும். யூனிகோட் முறையில் எழுதினால் எங்கும் தமிழாகத் தெரியும்.

இதைத் திருத்த "எம்.பி.3 டேக்", "பிக்கார்ட்" போன்ற சாப்ட்வேர்கள் இருக்கின்றன. பெயரை ஒரே மாதிரி எழுத வேண்டும். பாட்டு எழுதியவர் பெயரையும் தெரிந்தால் சேர்க்க வேண்டும். வீட்டுப் பெரியவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டால், "இது இன்னார் எழுதியது, இந்த வருஷம் வந்தது" என்று சொல்வார்கள். அது எந்தக் கம்பெனியின் பட்டியலிலும் இல்லாத செய்தியாக இருக்கலாம்.

பரண் மேல் இருக்கும் செல்வம்

கடையில் வாங்கக் கூடிய பாட்டு காணாமல் போனால் மறுபடி வாங்கலாம். வாங்க முடியாதவை சில உண்டு.

பாட்டனார் மவுலூது ஓதிய குரல். அக்காள் கலியாணத்தில் பெண்கள் பாடிய பாட்டு. வளைகுடாவில் இருந்த வாப்பாவுக்குக் கடிதத்துக்குப் பதிலாக உம்மா பேசி அனுப்பிய கேசட். நடுவே கைக்குழந்தை அழும் சத்தம்!

எந்தச் சந்தாவிலும் அவை கிடையா. உலகத்தில் ஒரே ஒரு பிரதிதான் இருக்கிறது. அதுவும் பரண் மேல், ஓர் அட்டைப் பெட்டிக்குள்!

கேசட்டை பிலிப்ஸ் கம்பெனி 1963-ல் கொண்டு வந்தது. நல்ல நாடாவும் என்றென்றைக்கும் இருக்காது. கடற்கரை ஊரின் ஈரக் காற்றில் அதற்குப் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்த கேசட்டை அப்படியே ஓட்டக் கூடாது. ஒன்றில் உள்ள பூஞ்சை கருவி வழியாக மற்ற கேசட்டுகளுக்கும் பரவும்.

பிரதி எடுப்பது கஷ்டமான வேலை அல்ல. நல்ல கேசட் பிளேயர் ஒன்று வேண்டும். இரவல் வாங்கினாலும் சரி. அதன் ஹெட்டை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைக்க வேண்டும். யு.எஸ்.பி.யில் செருகும் ஒலிப்பதிவுக் கருவி ஒன்றின் மூலம் கம்ப்யூட்டரில் இணைக்க வேண்டும். "அடாசிட்டி" என்ற இலவசச் சாப்ட்வேர் பதிந்து கொள்ளும். 60 நிமிஷக் கேசட்டுக்கு 60 நிமிஷம் ஆகும். வாரத்துக்கு இரண்டு கேசட் என்று வைத்துக் கொண்டால், ஒரு வருஷத்தில் நூறு முடிந்துவிடும்.

78 சுற்று இசைத்தட்டு இருந்தால் ஜாக்கிரதை. அதன் பள்ளம் அகலமானது. எல்.பி. தட்டுக்கான மெல்லிய ஊசியை அதில் வைக்கக் கூடாது. அதற்கென்று தனி ஊசி உண்டு.

ஒரு சட்ட விஷயமும் நினைவில் இருக்கட்டும். இந்தியாவில் ஒலிப்பதிவுக்கு 60 ஆண்டு காப்புரிமை உண்டு. வீட்டில் கேட்கப் பிரதி வைத்துக் கொள்வது வேறு. அதை விற்பதும் ஊருக்கெல்லாம் அனுப்புவதும் வேறு.

எவ்வளவு இடம் பிடிக்கும்?

பைல் வகையில் "பிளாக்" நல்லது. 2001-ல் வந்தது. யாருக்கும் சொந்தமில்லை. பாட்டை மடித்து வைக்கும். ஆனால் ஓர் இழையைக்கூட வெட்டாது. எம்.பி.3 என்பது இடம் மிச்சப்படுத்த ஓரங்களை வெட்டிவிடும். வெட்டியது திரும்ப வராது.

சி.டி. தரம் என்பது என்ன? ஒரு விநாடியில் ஒலியை 44,100 தடவை அளந்து எழுதுவது. அந்தத் தரத்தில் ஒரு மணி நேரப் பாட்டு 635 எம்.பி. இடம் கேட்கும். பிளாக்கில் மடித்தால் ஏறக்குறைய பாதிதான். ஒரு டெராபைட் டிஸ்கில் 2,500 மணி நேரத்துக்கு மேல் பாட்டு வைக்கலாம். ஒரு குடும்பத்துக்கு அது தாராளம்.

இதைவிட நான்கு மடங்கு துல்லியம் என்று சொல்லிக் கூடுதல் விலைக்கு விற்பவர்களும் உண்டு. பழைய கேசட்டில் இல்லாத ஒலியை எந்தத் துல்லியமும் கொண்டு வராது. அந்தப் பணத்தை நல்ல ஸ்பீக்கரில் போட்டால் வித்தியாசம் பாட்டிக்கும் கேட்கும்!

கடலும் புயலும்

2004 டிசம்பர் 26-ந் தேதியை நாகூர் மறக்காது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கு மேற்பட்ட உயிர்களைக் கடல் கொண்டு போனது. 2018 நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் வந்தது. ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன.

அந்தத் துயரங்களுக்கு முன்னால் பாட்டு பெரிதல்ல. ஆனால் உயிரை இழந்த வீட்டில், போனவரின் குரல் மிஞ்சியிருந்தால் அது எவ்வளவு பெரிய ஆறுதல்!

ஆகவே, ஒரு பிரதி போதாது. மூன்று வேண்டும். ஒன்று சர்வரில். ஒன்று தனி டிஸ்கில், பீரோவுக்குள். மூன்றாவது வேறு ஊரில்.

நாகூர்க் குடும்பங்களுக்கு வேறு ஊருக்குப் பஞ்சமா? சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவில் 1828-க்கும் 1830-க்கும் இடையே கட்டப்பட்ட நாகூர் தர்கா இன்றும் இருக்கிறது. அவ்வளவு பழைய உறவு! நானாவோ மச்சானோ ஊருக்கு வந்து திரும்பும்போது பெட்டியில் ஒரு சின்ன டிஸ்கை வைத்து அனுப்பினால் போதும்.

மின்சாரம் திடீரென்று போய் வரும் இடத்தில் சர்வருக்கு ஒரு சின்ன யு.பி.எஸ். அவசியம். எழுதிக் கொண்டிருக்கும்போது கரண்டு போனால் டிஸ்கில் உள்ளது கெட்டுப் போகக் கூடும்.

பெரியவர்களுக்குப் பொத்தான்

கடைசியாக ஒரு விஷயம். பாட்டுக் கருவியைப் பிள்ளை வாங்குகிறான். பகலெல்லாம் வீட்டில் இருந்து கேட்கிறவர் யார்? உம்மா!

சரிகமா கம்பெனி 2017-ல் "கேரவான்" என்ற பெட்டியைக் கொண்டு வந்தது. உள்ளே 5,000 பழைய பாட்டுகள். பார்க்க ரேடியோ போல இருக்கும். திருகினால் பாடும். பெரியவர்களுக்கு அது பிடித்துப் போயிற்று. அவர்களுக்குத் தேடுவது பிடிக்காது. திருகுவது பிடிக்கும்!

அதில் பாடம் இருக்கிறது. சர்வர் எதுவானாலும், ஒரு தொடுதலில் பாடும் நான்கு ஐந்து பட்டியல்களைத் தமிழில் பெயர் போட்டு வைக்க வேண்டும். பிள்ளை விமானம் ஏறிய மறுநாள் உம்மாவுக்குப் பாட்டுப் போடத் தெரியவில்லை என்றால், அந்தக் கருவி வீட்டுக்கு வாங்கியது அல்ல. பிள்ளையின் ஆசைக்கு வாங்கியது!

எது அவசரம்?

பாட்டு முதலில். சாப்ட்வேர் இரண்டாவது. பெட்டி கடைசி. இதுதான் சரியான வரிசை.

பெட்டி அடுத்த வருஷமும் கடையில் இருக்கும். இன்னும் நல்லதாகவே இருக்கும். சாப்ட்வேரை எந்த ராத்திரியிலும் மாற்றிக் கொள்ளலாம். பூஞ்சை பிடித்துக் கொண்டிருக்கும் கேசட் மட்டும் யாருக்காகவும் காத்திருக்காது.

அடுத்த விடுமுறைக்கு ஊருக்கு வருகிறவர்கள், கடைக்குப் போவதற்கு முன் பரண் மேல் ஏறட்டும்!